சாம்பிராணி காட்டிய மீன்குஞ்சுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று போகிப் பண்டிகை, உங்களவர்கள் போனவர்களுக்குப் படைக்கிற நாள். உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் மகள், மருமகன், அவர்களுடைய பெண் பிள்ளைகள் இருவர், உங்கள் கொழுந்தனார், வாசல் பக்கத்து நாற்காலியில் நான். ஆக ஆறு பேர். நடுவில் மூன்று வாழையிலை: ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் வீட்டுக்காரருக்கு, ஒன்று அவருக்கும் முந்திப் போனவர்களுக்கு. உங்கள் இலையில் தேங்காய்ப்பால் விட்ட நாசி லெமாக் சோறு, இறால் சம்பால், நீங்கள் விரும்பும் இனிப்புப் பலகாரம், பக்கத்தில் பால் விடாத கோப்பி. எனக்கு இன்று பத்தாவது நோன்பு. அதனால் கூப்பிட்டவர்களுக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மருமகன் தணலில் சாம்பிராணியைத் தூவினார். புகை எழுந்து இலைகளின் மேல் படர்ந்தது. போனவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் எழுந்து வெளியே வந்து நின்றோம். அந்த வாசனை கதவிடுக்கு வழியாக வெளியிலும் வந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். உங்கள் மகள் பின்னாலேயே வந்து, "என்ன மாச்சிக், நோன்பு மயக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாதே. அதுவும் நான் அங்கே போனதே உண்மையைச் சொல்லத்தான்.

எங்கள் மார்க்கத்தில் போனவர்கள் இலைக்கு வருவதில்லை. கடிதத்துக்கும் பதில் எழுதுவதில்லை. அதை அறிந்தேதான் எழுதுகிறேன். தமிழ் எழுத்து உங்களுக்குத் தெரியாது என்பதும் தெரியும். எனக்கு எழுதத் தெரிந்தது இது ஒன்றுதான். அதுவும் எங்கள் கடையில் பொட்டலம் கட்டுகிற பத்திரிகைத் தாளைப் பிரித்துப் பிரித்து நானாகப் படித்தது. நாம் பேசிக்கொண்டதெல்லாம், தமிழை விட்டுத் தலைமுறைகள் ஆன உங்கள் வீட்டு மலாயில். இங்கே அதை எனக்கு வருகிற தமிழில் வைக்கிறேன்; சித்தி என்கிற மாச்சிக்கும், தங்கச்சி என்கிற அடெக்கும் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். நானும் என் வீட்டுக்காரரும் ஹஜ்ஜுக்குப் போக அல்லாஹ் நாடியிருக்கிறான். நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரத்தில் பினாங்கில் கப்பல் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் பழகிய எல்லோரிடமும் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்குப் பொருத்தம் கேட்க வேண்டும். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும். அவர், "பொருத்தம் கேக்க வேண்டிய ஆளுங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுடு. நீதான் உப்பு புளிக்கே கணக்கு வச்சிருக்கிற ஆளாச்சே," என்று சிரித்தார். பட்டியல் போட்டேன். முப்பத்திரண்டு பேர். சண்டை போட்ட சின்ன மச்சி உட்பட எல்லோரும் கையைப் பிடித்துப் பொருந்திக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர் பாக்கி.

பள்ளிவாசல் லெப்பையிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "ஆளு மௌத்தாப் போயிருந்தா பிள்ளைங்ககிட்ட கேளுங்கம்மா. அவங்களுக்காக நன்மையான காரியம் செய்ங்க. மனசார அழுங்க," என்றார். பிள்ளையிடம் கேட்கத்தான் இன்று வந்தேன். கிணற்றடியில் வைத்தே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்னதை உங்களிடமும் வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் இருந்த நாளில் அந்தக் குள்ள கௌராமி மீன்கள் எனக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஒரு மீன் கடையில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார். வங்காளத்து ஆற்று மீனாம். ஆணுக்கு நீலமும் சிவப்பும் கோடு கோடாக, பட்டுச் சேலைக் கரை மாதிரி இருக்கும். பெண் சாம்பல் நிறம். "உங்க வீட்டுல ஆம்பிளைக்குத்தான் அலங்காரமா?" என்று நான் கேட்டதற்கு நீங்கள், "அலங்காரம் பண்ணிக்கிட்டு பிள்ளையும் அவருதான் வளக்குறாரு. உங்க வீட்டுல அப்படி உண்டா, அடெக்?" என்று கேட்டு வாயை அடைத்தீர்கள்.

அது உண்மைதான் என்று அப்புறம் பார்த்தேன். ஆண் மீன் மேலே வந்து காற்றைக் குடித்து வாயால் நுரை விட்டு, பாசித் துணுக்கைக் கடித்துவந்து நுரைக்குள் செருகி, மிதக்கிற கூடு கட்டும். முட்டைகளை அதில் சேர்த்துவிட்டுப் பெண்ணை அண்டவிடாமல் துரத்தும். பெண்ணை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கொன்றுவிடும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே தின்றுவிடும். அத்தனை பாசத்துக்கும் கெடு நாலைந்து நாள்தான்.

உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு மீன் வேடிக்கையாக இல்லை. அவர் கையால் வாங்கி வந்ததில் மிஞ்சியது ஒரு ஜோடி. அதுவும் வயசான ஜோடி. அதுகள் போவதற்குள் ஒரு தலைமுறையை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை குஞ்சு பொரிக்கவிட்டீர்கள். இரண்டு தடவையும் மூன்றாவது வாரத்தில் எல்லாம் செத்தன. மூன்றாவது தடவை முட்டை விட்டதும் பெண் மீனை எடுப்பதற்குள் செதிலெல்லாம் பிய்ந்துபோய் அதுவும் செத்தது. இனி இன்னொரு தடவை கிடையாது. அந்தக் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த வாரத்தில்தான் உங்கள் வயிற்றுக் கட்டியை அறுக்க வேண்டுமென்று பெரியாஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். மகள் அப்போது சிங்கப்பூரில் இருந்தாள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அது. காஜா பேராங் சாலையில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று அந்தச் சின்னக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓர் அடி வைத்து ஓர் அடி நின்று, உங்கள் கம்போங் குடியிருப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தோம். தண்ணீர் ஒரு சாண்தான் இருந்தது. மேலே ஈரத்துணி. ஏணியில் நின்று கொடி கட்டியவர் ஒருவர், "என்னா, சீர் தூக்கிட்டுப் போறீங்களா? மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டார். நீங்கள் நிற்காமலேயே, "நாப்பத்தொரு பிள்ளைக்கு இவ வீட்டுல விருந்து. நீயும் வா, கொசுப் புழு தர்றோம்," என்றீர்கள். எனக்குச் சிரிப்பில் கை ஆடியது. "சிரிக்காத, பிள்ளைங்களுக்குத் தல சுத்தும்," என்று அதட்டினீர்கள்.

தொட்டியை எங்கள் நடு அறையில், சுவரோரம் வைத்தோம். அப்பன் மீனை மிட்டாய்ப் போத்தலில் தனியாக வைத்தோம். தீனிக்கு வாழைச் சருகு ஊறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதும், அவித்த முட்டைக் கருவைத் துணியில் கட்டிப் பிழிவதும் நீங்கள் காட்டித் தந்ததுதான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றை இரண்டு தரம் சொன்னீர்கள்.

"அடெக், கண்ணாடி மூடிய மட்டும் தொறந்து வைக்காத. தண்ணிக்கு மேல நிக்கிற காத்தும் தண்ணி மாதிரியே கதகதன்னு இருக்கணும். மூணாவது வாரம் இதுங்க மேல வந்து மொத மூச்சு எடுக்கும். அதத் தாண்டிட்டா பொழச்சுக்கும். அவரு வாங்குன மீனு இதோட சரி. ஒன்ன நம்பித்தான் போறேன்."

நான் ஒரு நோட்டு போட்டேன். நாளை ஒரு வரியாக எழுதி, எதிரே எத்தனை குஞ்சு என்று எண். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எள்ளில் பாதி அளவுக்குக் கண் தெரியும். மூன்று தரம் எண்ணினால் மூன்று கணக்கு வரும். நடுவில் வருவதை எழுதிக்கொள்வேன். 41, 40, 41, 39, 39. பத்து நாள் கழித்தும் 38. ஐந்து வேளைத் தொழுகைக்கு எழுகிறபோதெல்லாம் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு குஞ்சு மேலே வந்து தண்ணீரின் தோலைக் குத்தியதைப் பார்த்தேன். பின்னால் இன்னொன்று. நீங்கள் சொன்ன முதல் மூச்சு. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து சொன்னேன். வலியிலும் எழுந்து உட்கார்ந்தீர்கள். மறுநாள் காலை உங்களுக்கு ஆபரேஷன்.

வியாழன் மாலையில் எங்கள் வீட்டில் யாசீன் ஓதி, சாம்பிராணி போடுவது எப்போதும் உண்டு. அன்றைக்கு உங்கள் பெயரைச் சொல்லி, கத்தி படுகிற இடம் சுகமாக ஆறட்டும் என்று ஓதினேன். ஓதி முடித்துத் தூபக்காலை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். தொட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். எங்களில் குளிப்பாட்டிய பச்சைப் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவோம். சளி பிடிக்காது, கண் படாது, நல்லது என்று காட்டுவோம். என் ஐந்து பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறேன். காலையில் முதல் மூச்சு எடுத்த பிள்ளைகள் அல்லவா இவை? நீங்கள் கிடக்கும் நிலையில், உங்கள் பிள்ளைகளுக்கு என் வீட்டு பரக்கத்தும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

மூடியை நாலு விரல் நகர்த்தினேன். தூபக்காலை அருகே பிடித்து, கையால் புகையை உள்ளே தள்ளினேன். குளிர்ந்த காற்றுப் படக் கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. அதனால் உடனே மூடிவிட்டேன், புகையையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து விளக்கைப் பிடித்தேன். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் மேலே தூசி மாதிரி ஒதுங்கியிருந்தன. மூச்சுக்கு மேலே வந்தவற்றுக்குப் புகைதான் கிடைத்தது. மேலே வராமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். வளர்ந்ததனால் செத்தன. மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் ஒரே கணக்கு வந்தது அன்றைக்குத்தான். நோட்டில் 0 என்று எழுதினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அன்று மதியம் சேதி வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் நீங்கள் கேட்டது, "பிள்ளைங்க?" என்றுதான். உதட்டில் நிறமே இல்லை. "இருக்குதுங்கக்கா," என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அக்கா. மற்றதெல்லாம் அதைக் காப்பாற்றச் செய்தது.

எங்கள் கடைக்குக் கீரை கொண்டுவரும் குருபோங் ஊர் மலாய்க்காரம்மாவிடம், வயல் வாய்க்காலில் கிடைக்கும் செப்பாட் மீனில் பொடிக் குஞ்சாகப் பிடித்துத் தரச் சொன்னேன். குஞ்சாக இருக்கும்போது அதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது என்று என் கண்ணுக்குப் பட்டது. பால் டின்னில் ஒன்பது கொண்டுவந்தாள். "செப்பாட்டக் கருவாடாத்தான் வாங்குவாங்க. நீ குஞ்சா வாங்குற. வளத்துக் கருவாடு போடப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மாதம் ஒன்று கழித்து நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தொட்டியையும் அப்பன் மீனையும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தேன். ஒன்பதையும் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு, "நோட்ட வாசி. ஒண்ணு விடாம வாசி," என்றீர்கள். வாசித்தேன். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று. சைபர் வந்த இடத்தில் நிற்காமல், முப்பது, இருபத்தாறு, பதினெட்டு, பன்னிரண்டு, ஒன்பது என்று வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். பொய்யை வாய் சொல்லிவிட்டது. நோட்டில் எழுத மட்டும் கை வரவில்லை. அதற்குப் பிறகு பக்கம் காலியாகவே இருந்தது. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஒம்பது போதும். ரெண்டு மிஞ்சினாலும் ஒரு ஜோடிதான்," என்றீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் வெளிச்சத்தில் தொட்டியைத் திருப்பி வைத்து, "நிறம் எப்ப வரும், அடெக்?" என்று கேட்பீர்கள். நான், "வரும்கா," என்பேன். குஞ்சுகள் நீண்டன, உடம்பில் கறுப்புப் புள்ளி வந்தது, நிறம் வரவில்லை. மூன்று மாதத்தில் அப்பன் மீனைவிடப் பெரிதாகிவிட்டன. ஒருநாள் நீங்கள் சட்டென்று, "இதுங்க போற போக்குல கருவாடு போடலாம் போலிருக்கே," என்றீர்கள். என் கையில் இருந்த கோப்பி தட்டில் சிந்தியது. நீங்கள் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு மீனைப் பற்றிப் பேசாமல் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினீர்கள்.

கொஞ்ச நாளில் அந்த அப்பன் மீனும் செத்தது. அவர் கையால் வந்ததில் கடைசி. வெற்றிலையில் மடித்துப் பூச்சட்டியில் புதைத்தீர்கள். கை கழுவிவிட்டு வந்து, "அந்த நோட்ட எனக்குக் குடு. ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்," என்றீர்கள். எப்படி மறுப்பேன்? உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொடுத்தேன்.

பிறகும் நாலு வருஷம் இருந்தீர்கள். பெருநாளைக்கு என் வீட்டுக்கு வந்தீர்கள், தீபாவளிக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். என் மூத்தவள் கல்யாணத்துக்கு மூன்று நாள் கூட நின்று உழைத்தீர்கள். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை எத்தனையோ முறை வந்தேன். நீங்கள் கோப்பியை நீட்டியதும் குடித்துவிட்டுத் திரும்பினேன். மீன் விஷயத்தில் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை நீங்கள். அதனால் தெரியவே தெரியாது என்று நம்பினேன். ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தொட்டியை என்னிடம் தரவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் கொழுந்தனார் வீட்டுக்கு அதைத் தூக்கிப்போனார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன்.

இதையெல்லாம் இன்று கிணற்றடியில் சொல்லி முடித்து, "ஒங்க அம்மாவுக்குப் பதிலா நீ பொருந்திக்கம்மா," என்று உங்கள் மகளின் கையைப் பிடித்தேன். அவள் கோபப்படவில்லை. உள்ளே போய் உங்கள் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"அம்மா இத யாரையும் தொட விட்டதில்ல. நீங்க எழுதுனதுன்னு மட்டும் தெரியும்," என்றாள்.

திறந்தேன். என் கையெழுத்தில் 39, 38, 38. அதன் கீழே 0. அதற்கும் கீழே, நான் காலியாக விட்ட வரியில், பென்சிலால், உங்கள் கையால், 9. அடுத்த வரியில் 9. அடுத்ததில் 9. பக்கம் பக்கமாகப் போகிறது. பிறகு 8, பிறகு 6. நடுவில் ஓரிடத்தில் 23. அதுகள் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். கடைசிப் பக்கம்வரை ஒரு நாள் விடவில்லை. எழுத்துத்தான் எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. எண் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது இத்தனை கணக்கு எழுதுகிற எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆக, தெரிந்திருக்கிறது. எல்லாம் செத்ததும், இவை வேறு என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாலு வருஷம் வாய்க்கால் மீனுக்கு வேளை தவறாமல் தீனி போட்டிருக்கிறீர்கள், என் கையில் கோப்பி கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் மகள் சொன்னாள்: "நான் எப்படி மன்னிக்கிறது, மாச்சிக்? இது ஒங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது. எல போட்டிருக்கு. உள்ள போயி அம்மாகிட்டயே கேளுங்க."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். ஆனால் இலைக்கு முன்னால் நின்று கேட்க என்னால் முடியாது அக்கா. அது என் வழி இல்லை. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நோன்பு திறக்க இன்னும் சற்று நேரம் இருக்கிறது. கஞ்சி அடுப்பில் கொதிக்கிறது.

எனக்குக் கணக்கு ஓர் இடத்தில் நிற்கவில்லை. பேசாமல் இருந்தீர்களே, அது பொருந்திக்கொண்டதாலா? மன்னிக்க முடியாதவர்களும் பேசாமல்தான் இருப்பார்கள். சின்ன மச்சி என்னைத் திட்டித் தீர்த்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், அது விளங்குகிறது. நீங்கள் ஒருமுறை திட்டியிருக்கலாம். "ஏன்டி செஞ்ச?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், புகை காட்டினேன்கா, என் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி காட்டினேன்கா என்று சொல்லியிருப்பேன். அந்த ஒன்று அந்த நோட்டில் இல்லை. அது மட்டும் உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அலட்சியமாக விட்டேன், மூடியைத் திறந்து போட்டேன் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பீர்களோ என்பதைத்தான் இன்று முழுவதும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செத்த குஞ்சுகளுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நம்பித்தான் போகிறேன் என்றீர்களே, அதற்காகவும், வெறும் தாளைப் பார்த்து வாசித்தேனே, அதற்காகவும் கேட்கிறேன். உங்களுக்காக துஆ செய்கிறேன். செய்யலாமா கூடாதா என்று லெப்பையிடம் கேட்கவில்லை. ஹஜ்ஜில் போய் நிற்கும்போதும் செய்வேன். ஆனால் இந்தப் பாரத்தோடு அந்த வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பொருந்திக்கொண்டீர்களா, இல்லையா? இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்கிறேன். எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகளின் கனவிலோ என் கனவிலோ, உங்களுக்கு எது சுலபமோ அப்படி. கப்பலுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் தாருங்கள் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் அடெக்